ராத்திரியில் ஓடையில் சாயத் தண்ணீர் விடுகிறார்கள் என்று சந்தேகம்: யாரிடம், எப்படிப் புகார் கொடுப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: ஊருக்கு மேற்கே இருக்கும் ஒரு சாயப்பட்டறை ராத்திரி நேரத்தில் ஓடையில் கழிவை விடுகிறது என்று சந்தேகம், கிணற்றுத் தண்ணீரில் வாடை வருகிறது, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. யாரிடம் போவது, நிரூபிக்க வேண்டியது நாமா, நம் பேர் வெளியே போகுமா? இருபது வருஷமாக இந்த மாதிரி மனுக்களோடு அலைந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், நிரூபிக்க வேண்டியது நீங்கள் இல்லை. சந்தேகம் இருந்தாலே புகார் கொடுக்கலாம். மாதிரி எடுத்து, லேபுக்கு அனுப்பி, விதிமீறலா இல்லையா என்று முடிவு சொல்வது தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் வேலை. நீங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும் தண்ணீரை வைத்து அவர்களால் வழக்குப் போடவும் முடியாது. 1974-ஆம் ஆண்டு நீர் சட்டத்தின் 21-வது பிரிவில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வாரிய அதிகாரியே மாதிரி எடுக்க வேண்டும், ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து சீல் வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எடுத்த மாதிரிதான் கோர்ட்டில் நிற்கும். அதனால் உங்கள் வேலை ஒன்றே ஒன்று. கழிவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஓடும் இடத்துக்கு, அந்த அதிகாரி வந்து சேரும்படி புகாரை எழுதுவது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பகுதியில் ஒரு பட்டறை இதே வேலையைச் செய்தபோது நாங்கள் கொடுத்த முதல் மனு இரண்டரைப் பக்கம். ஓடை நாசமாகிறது, ஆடுமாடு குடிக்க முடியவில்லை, வருங்காலத் தலைமுறை என்னாவது, உடனடி நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதி ஊரே கையெழுத்துப் போட்டது. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார், ஓடை காய்ந்து கிடந்தது, "ஆய்வின்போது கழிவுநீர் வெளியேற்றம் ஏதும் காணப்படவில்லை" என்று பதில் வந்தது. கோபப்பட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்கிறார், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எங்கள் இரண்டரைப் பக்கத்தில் எங்குமே இல்லை.

அப்புறம்தான் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர் உதவிக்கு வந்தார். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரத்துக்கு மோட்டார் போடப் போகிறவர், போகிற வழியில் சிறுபாலம். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துத் தேதி, மணி, தண்ணீரின் நிறம், வாடை, நுரை இருந்ததா, அன்றைக்கு மழை உண்டா என்று மட்டும் எழுதிக்கொண்டே வந்தார். ஐந்து வாரம். நோட்டைப் புரட்டியபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது: சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு மேல், அது போக நல்ல மழை பெய்த ராத்திரிகளில். மற்ற நாளில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது மனு ஒரே பக்கம், கூடவே அந்த நோட்டின் ஜெராக்ஸ். அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு ஜீப் வந்தது, மாதிரி எடுத்தார்கள்.

ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். படம், வீடியோ எடுக்கும்போது சும்மா தண்ணீரை மட்டும் எடுத்தால் அது எந்த ஓடை என்று யாருக்கும் தெரியாது. அருகில் இருக்கும் மைல்கல்லிலோ மின்கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பரிலோ ஆரம்பித்து, நடுவில் நிறுத்தாமல், குழாய் வாய் வரைக்கும் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். இடத்தையும் நேரத்தையும் படத்திலேயே பதியும் கேமரா ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு போனில் இருக்கும் மூலத்தை அழித்துவிடாதீர்கள், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அதன் உள்விவரங்கள் போய்விடும், நாளைக்கு நீதிமன்றம் வரை போனால் மூலம்தான் வேண்டும். அந்த நிலத்தின் சர்வே எண்ணைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ பார்த்துக்கொள்ளுங்கள். சர்வே எண் இருக்கும் மனுவுக்கு இருக்கும் மரியாதையே தனி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் காகிதமும் அப்படித்தான். பட்டறைக்கு மேலே ஓடையில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு, உங்கள் கிணற்றில் ஒரு அளவு எடுத்து அதே நோட்டில் எழுதுங்கள். இது சட்டப்படி சாட்சியம் ஆகாது, ஆனால் டிடிஎஸ் மேலே 600, கீழே 5,000 என்று இருந்தால் படிக்கிற அதிகாரிக்குத் தூக்கம் கலையும். கையுறை இல்லாமல் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். சுவர் ஏறி உள்ளே போகாதீர்கள், பொது வழியிலோ உங்கள் சொந்த நிலத்திலோ நின்று எடுத்ததே போதும்.

மக்கள் கையில் கிடைக்கும் சின்னப் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொடைக்கானலைச் சொல்லலாம். 2001-இல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை மக்கள் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார்கள், அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டியபோதும் அப்படித்தான். குப்பைக்குள் கிடந்த மருத்துவமனைக் காகிதங்களே அது எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசையே அள்ளிக்கொண்டு போகச் சொன்னது, லாரிகள் வந்து அள்ளிப் போயின. குப்பை கொட்டிய இடத்தைப் பார்த்தால் வெறும் குவியலைப் படம் பிடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். பில், லேபிள், முகவரி எது கண்ணில் பட்டாலும் அருகில் போய்த் தனியாக ஒரு படம், ஆனால் கையால் கிளறாதீர்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? சாயக்கழிவு, தோல் கழிவு, புகை, அபாயகரக் கழிவு எல்லாவற்றுக்கும் உங்கள் மாவட்டத்தின் மாசு கட்டுப்பாடு வாரியச் சுற்றுச்சூழல் பொறியாளர்தான், எல்லாரும் டி.இ.இ. என்று சொல்வார்கள். சில மாவட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்கள் உண்டு, உங்கள் தாலுகா எதில் வருகிறது என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கிராவல், மணல், கல் குவாரி என்றால் வட்டாட்சியரும் கனிமவளத் துறையின் மாவட்ட அதிகாரியும். ஏரி, வாய்க்கால் ஆக்கிரமிப்பு நீர்வளத் துறைக்கு, ஊர்க் குளமாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. கடற்கரை மண்டல விதிமீறலுக்கு ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. குப்பை எரிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016 டிசம்பரிலேயே பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி என்றால் நேராக போலீஸ். தப்பான மேஜைக்குப் போன மனு "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது" என்ற ஒரு வரியோடு மாதக்கணக்கில் சுற்றும், அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் பொறியாளருக்கு முதல் மனு, ஆட்சியருக்கு ஒரு நகல், கிண்டியில் இருக்கும் வாரியத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு நகல். இன்னாருக்கெல்லாம் நகல் போகிறது என்று மனுவின் அடியிலேயே எழுதிவிடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். விவசாயி என்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இன்னும் நல்லது, எல்லாத் துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்கலாம், பத்திரிகைக்காரர்களும் இருப்பார்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டாம், அது மனுவுக்குத் துணை. தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் ரசீதை மனு நகலின் பின்னாலேயே ஒட்டி வையுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது? எங்கள் இரண்டாவது மனுவின் நடு வரிகள் ஏறக்குறைய இப்படி இருந்தன: "கீழ்க்கண்ட ஐந்து சனிக்கிழமைகளில் இரவு 1.00 முதல் 3.30 மணிக்குள், இந்த சர்வே எண் நிலத்தின் வடக்கு எல்லையில் சிறுபாலத்தை அடுத்துள்ள சிமெண்ட் குழாயிலிருந்து கருநீல நிறத்தில் தண்ணீர் ஓடையில் விழுவதைப் பார்த்தோம். இது சுத்திகரிக்கப்படாத சாயக்கழிவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம். வரும் சனிக்கிழமை அதே நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வு செய்து நீர் சட்டம் 21-வது பிரிவின்படி மாதிரி எடுக்கவும், ஆய்வறிக்கையின் நகலை எங்களுக்குத் தரவும் வேண்டுகிறோம்." அவ்வளவுதான். "சந்தேகிக்கிறோம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டறைக்காரரைத் திருடன் என்று எழுதாதீர்கள், அதிகாரி காசு வாங்கிவிட்டார் என்று கையில் ஒன்றும் இல்லாமல் எழுதாதீர்கள். நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதே விஷயத்தைப் பேர் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு உங்களையே கோர்ட்டுக்கு இழுக்கும்.

மனு கொடுத்த அன்றைக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு விண்ணப்பம் போடுங்கள், 10 ரூபாய்தான். இதை நான் மிக முக்கியமாகச் சொல்வேன். அந்தப் பட்டறைக்கு வழங்கிய இசைவாணையின் (பட்டறையை நடத்த வாரியம் கொடுக்கும் அனுமதி) நகல், கடைசி மூன்று ஆண்டு ஆய்வறிக்கைகள், மாதிரிகளின் லேப் முடிவுகள், கொடுத்த விளக்கம் கேட்கும் நோட்டீஸ்கள் என நான்கைத்தான் கேட்க வேண்டும். ஏன் இப்படி என்ற கேள்வியெல்லாம் வேண்டாம், ஆவணத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இசைவாணை கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எத்தனை லிட்டர் கழிவு வரலாம், அதை எங்கே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சாயப்பட்டறை என்றால் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் இசைவாணையின் காலமே முடிந்து போயிருக்கும். சில நேரம் இசைவாணையே இருக்காது, அப்போது நிறத்தைப் பற்றியும் நுரையைப் பற்றியும் வாதாடவே தேவையில்லை, இசைவாணை இல்லாமல் நடத்துவதே குற்றம். நம் சந்தேகம் தப்பு என்று தெரியவரவும் வாய்ப்பு உண்டு. ஓடையில் வருவது ஊர்ச் சாக்கடையாக இருந்து, பட்டறைக்கு அதில் பங்கே இல்லாமல் இருக்கலாம். அப்படித் தெரிந்தால் அதையும் ஊரில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

பேர் வெளியே போகுமா என்று கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், போகலாம். விவரங்களை ரகசியமாக வைக்கவும் என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள், ஆனால் அதையே நம்பியிருக்காதீர்கள். தனி ஆளாகப் போகாமல் இருபது பேராகக் கையெழுத்துப் போடுவது, விவசாயிகள் சங்கத்தின் பேரில் கொடுப்பது, கிராமசபையில் தீர்மானம் போட்டு ஊராட்சி மூலமாக அனுப்புவது, இதெல்லாம் ஒரு முகத்தை மறைக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலு நாளும் கிராமசபை கட்டாயம் உண்டு, இப்போது மார்ச் 22-லும் நவம்பர் 1-லும் கூட நடக்கிறது. மணல், குவாரி விவகாரம் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்தில் குவாரிகளுக்கு எதிராக மனு கொடுத்து வந்தவர் லாரி மோதி இறந்தார், கொலை வழக்கானது, குவாரிக்காரர்கள் கைதானார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ராத்திரியில் தனியாகப் போகாதீர்கள், மிரட்டல் வந்தால் அன்றைக்கே போலீஸில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஆவணங்களின் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருத்தரிடம் இருக்கட்டும்.

மனு கொடுத்தும் அசையவில்லை என்றால்? பதினைந்து நாளில் ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். கோட்டாட்சியரிடம் பொதுத் தொல்லை என்று மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்தது, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. தொல்லையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் நிறையப் பேர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. நீர் சட்டத்தின் 49-வது பிரிவின்படி வாரியத்துக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சாதாரணக் குடிமகனே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது.

அதற்கும் மேலே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில் மனுப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடோ சீரமைப்போ கேட்பதென்றால் 15-வது பிரிவில் ஐந்து வருஷம். இரண்டு வருஷம் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்துவிட்டுத் தீர்ப்பாயம் போனால், கெடு முடிந்துவிட்டது என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் வாதமாக இருக்கும். நோட்டில் முதல் தேதியை எழுதும்போதே ஆறு மாதம் எப்போது முடிகிறது என்று அட்டையில் குறித்துவிடுங்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் செய்யலாம். பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுப்பதும் உண்டு, அந்த அதிகாரம் அதற்கு இருக்கிறது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் உள்ளூர் நிருபரிடம் அந்த நோட்டைக் காட்டுவது வீண் வேலை இல்லை.

இதெல்லாம் பலிக்குமா என்று சலிப்பாக இருக்கும்போது நான் நொய்யல் ஆற்றை நினைத்துக்கொள்வேன். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி ஆயக்கட்டு நிலமெல்லாம் உப்பாகிப்போனபோது, வழக்குப் போட்டவர்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருந்த விவசாயிகள்தான். வருஷக்கணக்கில் இழுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுவதுமாகச் சுத்திகரிக்காத பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது, நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. மாசுபடுத்துகிறவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நீதிமன்றங்களில் இன்றைக்கு இவ்வளவு வலுவாக நிற்பதற்கு, பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளை எதிர்த்து வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1996-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரிய காரணம். அந்த வழக்கைத் தொடங்கியவர்களும் நம்மைப் போல ஊர்க்காரர்கள்தான்.

மாதிரி எடுத்த பிறகு செய்ய வேண்டியதும் இருக்கிறது. லேப் முடிவைக் கேட்டு வாங்குங்கள். பொது நீர்நிலையில் விடுவதற்குப் பொதுவான வரம்பு பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி 250, பிஹெச் 5.5-லிருந்து 9 வரை. பிஓடி, சிஓடி இரண்டும் தண்ணீரில் இருக்கும் கழிவு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்று காட்டும் அளவுகள். வந்த எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்பு தாண்டியிருந்தால் நீர் சட்டத்தின் 33ஏ பிரிவில் மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. எங்கள் ஊரில் கரண்டைத் துண்டித்த அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள், நான் உட்பட. சில மாதத்தில் நிபந்தனையோடு இணைப்பு திரும்பி வந்தது, யாரும் கவனிக்கவில்லை, நோட்டையும் மூடி வைத்துவிட்டோம். ஐப்பசி மழை பிடித்த முதல் வாரம் அண்ணன் மோட்டார் போடப் போனவர் பாலத்திலிருந்தே போன் செய்தார், தண்ணீர் மறுபடி நீலமாக வருகிறது என்று. ஆகவே மின் இணைப்பைத் திரும்பக் கொடுத்த உத்தரவின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அதில் இருக்கும் நிபந்தனைகளைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மழை ராத்திரிகளில் அந்தப் பாலத்துக்கு எந்த இரண்டு பேர் சேர்ந்து போவது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள்.